குத்துமதிப்பில் தொடங்குங்கள்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கணக்குக்கு முழுக்குப் போட்டாயிற்று என்று நினைத்து வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் காலமெல்லாம் பார்த்து வந்திருக்கிறேன். கடையில் நின்ற முதல் வாரத்திலேயே, கட்டட வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே கணக்கு அவர்களைத் தேடி வந்துவிடும். எத்தனை மூட்டை, எத்தனை லிட்டர், எத்தனை பேர், எவ்வளவு வட்டி? ஒவ்வொரு கேள்விக்கும் நின்ற இடத்திலேயே பதில் வேண்டும். பைசா சுத்தமான விடை பெரும்பாலும் தேவைப்படாது. ஏறக்குறையச் சரியான விடை கைவசம் இருந்தால் போதும், அடுத்த கேள்வியைக் கேட்கும் தைரியம் வந்துவிடும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்கு அந்த உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். மனத்தில் ஒரு குத்துமதிப்பு வைத்திருப்பவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது என்பது என் உறுதியான நம்பிக்கை.

1. போனை எடுப்பதற்கு முன் விடை நூறுகளில் வருமா, ஆயிரங்களில் வருமா என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். விரல் தவறி ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்தால் போனுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும். 48 நாற்காலி, ஒன்றுக்கு வாடகை 12 ரூபாய் என்றால், 50 நாற்காலியாக வைத்து 600 என்று சொல்லுங்கள். கூடுதலாகப் பிடித்த இரண்டு நாற்காலிக்கு 24 ரூபாயைக் கழித்தால் 576. பெருக்கும்போது ஒரு எண்ணை ஏற்றினால் மற்றதை இறக்குங்கள். 38-ஐ 73-ஆல் பெருக்க வேண்டுமானால் 40-க்கு 70 என்று வைத்தால் 2,800 வரும். சரியான விடை 2,774. இரண்டையுமே ஏற்றி 40-க்கு 75 என்று வைத்தால் 3,000-க்குப் போய்விடும்.

2. சில அளவுகளை உங்கள் பெயரைப் போல நினைவில் வைத்திருங்கள். முதலில் உங்கள் உடம்பு. உங்கள் சாண் எத்தனை அங்குலம், சாதாரணமாக நடந்தால் பத்து எட்டுக்கு எத்தனை அடி என்று ஒருமுறை டேப்பை வைத்து அளந்துவிட்டால் ஆயுளுக்கும் உதவும். அடுத்து ஊர் வழக்கில் உள்ளவை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு கன அடியில் 28 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஒரு ஏக்கர் 100 சென்ட். ஒரு பவுன் 8 கிராம். கரண்ட் கணக்கில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. ஆகவே 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட் ஆகும்.

இவற்றை வைத்து என்ன செய்யலாம்? 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழமுள்ள சம்ப் 240 கன அடி. 28-ஆல் பெருக்கினால் 6,720 லிட்டர். இந்தச் சம்ப் உள்ள வீட்டுக்கு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் சொன்னால் பாதித் தண்ணீர் தெருவில்தான் ஓடும். இன்னொன்றும் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. பெருக்கினால் 1,30,000 லிட்டர், அதாவது பத்து லாரிக்கு மேல். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் நியாயம் இந்தப் பெருக்கலிலேயே தெரிகிறது. மாடிக் குழாயை மண் அடைத்துக் கிடக்க விட்டிருக்கும் வீட்டுக்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

3. பெரிய கேள்வியைக் கண்டு மலைக்காமல் சின்னச் சின்னக் கேள்விகளாக உடையுங்கள். இதில் பேர்போனவர் இயற்பியல் மேதை என்ரிக்கோ பெர்மி. 1945 ஜூலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தபோது, அதிர்வலை வந்த நேரத்தில் கையிலிருந்த காகிதத் துண்டுகளைக் கீழே விட்டு, அவை எவ்வளவு தூரம் தள்ளிப்போய் விழுந்தன என்று பார்த்தார். அதை வைத்து வெடிப்பின் வலு 10,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்கு ஈடாக இருக்கும் என்றார். பின்னால் கருவிகளைக் கொண்டு கணித்த அளவு 21,000 டன்னை ஒட்டியது. காகிதத் துண்டுகளை மட்டும் வைத்து ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசத்தில் வந்துவிட்டார். அந்தக் குண்டு செய்த கொடுமை வேறு. இந்த முறை நாம் கற்றுக்கொள்ள வேண்டியது.

சிகாகோவில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவர் மாணவர்களைக் கேட்பாராம். நம் ஊருக்கு இப்படிக் கேளுங்கள். முடிதிருத்தும் கடை வைக்க நினைக்கும் தம்பிக்கு, ஒரு லட்சம் பேர் உள்ள ஊர் எத்தனை தொழிலாளருக்கு வேலை கொடுக்கும்? ஆண்கள் பாதிப்பேர், 50,000. சிலர் மாதா மாதம் வெட்டுவதில்லை, சிலருக்கு வீட்டிலேயே ஆகிவிடும். மாதத்துக்கு 40,000 தலை என்று வைப்போம். ஒருவர் நாளுக்கு 15 பேருக்கு வெட்டினால், 26 வேலை நாளில் 390, அதாவது 400 என்று கொள்ளலாம். 40,000-ஐ 400-ஆல் வகுத்தால் 100 பேர். இப்போது ஊரைச் சுற்றி வந்து எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே 150 நாற்காலி ஓடிக்கொண்டிருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். 60 தான் இருந்தால் துணிந்து இறங்குங்கள். இப்படி உடைத்துக் கணக்கிடும்போது ஒரு இடத்தில் கூடுதலாகவும் ஒரு இடத்தில் குறைவாகவும் பிடித்திருப்போம். பல சமயம் அவை ஒன்றையொன்று நேர் செய்துகொள்ளும். எல்லா ஊகத்தையும் உங்கள் ஆசைக்குச் சாதகமான பக்கமே சாய்த்தால் மட்டும் இந்த முறை கைவிட்டுவிடும்.

4. கூட்டத்தைப் பார்த்து லட்சம் என்று சொல்வதற்கு முன் மைதானத்தின் நீள அகலத்தைக் கேளுங்கள். 1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தம் அலுவலக ஜன்னலுக்குக் கீழே மாணவர் போராட்டக் கூட்டங்களைப் பார்த்து ஒரு வழி கண்டார். அந்த முற்றத்தின் தரை கட்டம் கட்டமாகப் போட்டது. சில கட்டங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். அவர் கண்ட அளவுகள்: கை வீசி நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருங்கிய கூட்டத்தில் நாலரை, மூச்சு முட்டும் கூட்டத்தில் இரண்டரை.

300 அடிக்கு 200 அடி மைதானம் 60,000 சதுர அடி. அதில் தாராளமாக நின்றால் 6,000 பேர், நெருங்கி நின்றால் 13,000 பேர், திணித்தால் 24,000 பேர். பத்து லட்சம் பேர் திரண்டார்கள் என்று யாராவது சொன்னால், நெருக்கமாக நின்றாலும் அவர்களுக்கு 45 லட்சம் சதுர அடி, அதாவது நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும் கேளுங்கள்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். இரண்டரை சதுர அடிக்கு ஒருவர் என்ற நெருக்கத்துக்கு வந்துவிட்ட கூட்டம் ஆபத்தை நெருங்கிவிட்டது. அதற்கு மேல் யாரும் தம் கால் போன பக்கம் நடக்க முடியாது. வெளியே போகும் வழிக்கும் ஒரு கணக்கு உண்டு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 பேர் கடக்கலாம், படிக்கட்டில் இதைவிடக் குறைவு. நாலடிக் கதவு ஒன்று மட்டும் உள்ள மண்டபத்தில் 800 பேர் இருந்தால், எல்லோரும் ஒழுங்காக நடந்தால்கூட எட்டு நிமிடம் ஆகும். தீ அவ்வளவு நேரம் கொடுக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். குறுகலான படிக்கட்டும் அதற்கு ஒரு காரணம். மண்டபம் எடுத்து நடத்தப்போகிறவரானாலும் டியூஷன் சென்டர் திறக்கப்போகிறவரானாலும், வண்ணம் பூசுவதற்கு முன் கதவின் அகலத்தை அளந்து இந்த வகுத்தலைச் செய்யுங்கள்.

5. விகிதக் கணக்கில் முதலில் 'ஒன்றுக்கு எவ்வளவு' என்று கண்டுபிடியுங்கள். 200 கிராம் 46 ரூபாய், 500 கிராம் 110 ரூபாய் என்றால் 100 கிராமுக்கு 23, 22. பெரிய பாக்கெட்டுதான் லாபம் என்று கண்ணை மூடி நம்ப வேண்டாம். சில சமயம் நேர்மாறாக இருக்கும். சமையலில், ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்று உங்கள் சமையல்காரர் சொன்னால் 600 பேருக்கு 75 கிலோ.

ஆனால் எல்லாமே விகிதப்படி ஏறாது என்பதையும் அதே மூச்சில் கற்றுக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சாம்பாருக்குப் போடும் உப்பையும் மிளகாயையும் அறுபது மடங்காக்கி அண்டாவில் கொட்டினால் யாரும் சாப்பிட முடியாமல் போகலாம். கைதேர்ந்தவர்கள் குறைத்துப் போட்டு, ருசி பார்த்துச் சேர்ப்பார்கள். நான்கு ஆள் ஆறு நாளில் முடிக்கும் சுவரை 24 ஆள் ஒரே நாளில் எழுப்பிவிட முடியாது. ஒருவர் மீது ஒருவர் இடித்துக்கொள்வார்கள், கலவை இறுகவும் நாள் வேண்டும். 120 கிலோமீட்டரைப் போகும்போது 60 வேகத்திலும் திரும்பும்போது 40 வேகத்திலும் ஓட்டினால் சராசரி 50 அல்ல: போக 2 மணி, வர 3 மணி, 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. மெதுவான பயணத்தில் அதிக நேரம் கழிவதால் அது சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது. டிரிப் ஓட்டுகிறவர்கள் வாடிக்கையாளருக்கு நேரம் சொல்லும்போது இதை மறக்கக் கூடாது.

6. வடிவம் மாறாமல் அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு. இது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே மூளைக்குப் பழக்க வேண்டும். 8 அங்குலத் தோசைக்கும் 12 அங்குலத் தோசைக்கும் பார்வைக்குச் சிறிய வித்தியாசம். மாவோ 64-க்கு 144, இரண்டேகால் பங்கு. லட்டின் விட்டம் இரட்டித்தால் எட்டு லட்டின் பூந்தி போகும். அரை அங்குலக் குழாய் இரண்டு சேர்ந்தால் ஒரு அங்குலக் குழாய்க்கு ஈடாகாது. நான்கு வேண்டும், உராய்வையும் சேர்த்தால் நான்குகூடப் போதாது. பரப்பு ஒன்றானாலும் சுற்றளவு ஒன்றாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனைக்குச் சுற்றுச்சுவர் விலை பேசும்போது 1,200 சதுர அடி என்று மட்டும் சொல்லாதீர்கள். 30-க்கு 40 மனைக்கு 140 அடிச் சுவர், 20-க்கு 60 மனைக்கு 160 அடி.

7. வட்டியை எப்போதும் ஆண்டுக்கு மாற்றிப் பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். 'ரெண்டு வட்டி' என்று வாயில் சொல்லும்போது சின்னதாகத் தோன்றும். மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். வட்டியைக் கட்டாமல் அசலோடு சேரவிட்டால் எத்தனை ஆண்டில் கடன் இரட்டிக்கும் என்று அறிய 72-ஐ ஆண்டு வட்டியால் வகுங்கள்: 72-ஐ 24-ஆல் வகுத்தால் 3 ஆண்டு. வங்கியில் 6 சதவீதத்துக்குப் போட்ட பணம் இரட்டிக்க 12 ஆண்டு ஆகும். ஒரே கையில் சேமிப்பையும் கடனையும் வைத்திருப்பவர்கள் இந்த 3-ஐயும் 12-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

இன்னும் மறைவாக இருப்பது தண்டல். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி, 1,000 ரூபாயைக் கழிவு என்று பிடித்துக்கொண்டு, 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்தாயிரத்துக்கு ஆயிரம், பத்து சதவீதம்தானே என்று பூ விற்கும் அக்காவும் காய்கறி வண்டிக்காரரும் வாங்கிவிடுகிறார்கள். உடைத்துப் பாருங்கள். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால் அந்த 9,000 முழுதாக 100 நாளும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாள் 9,000, கடைசி நாள் ஒன்றுமில்லை. சராசரியாக உங்கள் கையில் இருந்தது 4,500. அதற்குக் கொடுத்த கூலி 1,000. அதாவது 100 நாளுக்கு 22 சதவீதம். ஆண்டில் இப்படி மூன்றரைத் தடவைக்கு மேல் வரும். ஆக, 80 சதவீதத்தை ஒட்டிய வட்டி. தாளும் பேனாவும் தேவைப்படாத கணக்கு இது; அரை நிமிடம் போதும். அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. சட்டத்தின் உதவியைக் கேட்கப் போவதற்கும், முதலில் தாம் கட்டுவது எவ்வளவு வட்டி என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில், தெருவில் தண்டல் கட்டுகிறவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து இந்த 4,500-ஐக் காட்டிக்கொடுங்கள்.

துணிக்கடையில் 50 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் இன்னொரு 20 சதவீதம் என்று எழுதியிருந்தால் அது 70 ஆகாது. 1,000 ரூபாய் 500 ஆகி, அதில் 20 சதவீதம் போனால் 400. மொத்தத் தள்ளுபடி 60.

8. எண்ணத் தொடங்குமுன் எதை எண்ணினால் எளிது என்று யோசியுங்கள். ஊர்த் திருவிழாவில் கபடிப் போட்டி, 37 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன, தோற்றால் வெளியே. எத்தனை ஆட்டம்? முதல் சுற்றில் ஒரு அணிக்கு ஆட்டமில்லை, அடுத்த சுற்றில் எத்தனை என்று அட்டவணை போட்டு மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆட்டங்களை எண்ணாதீர்கள், தோற்றவர்களை எண்ணுங்கள். ஒவ்வொரு ஆட்டமும் ஒரே ஒரு அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. கோப்பை வாங்கும் அணியைத் தவிர 36 அணிகளும் ஒருமுறை தோற்றாக வேண்டும். ஆகவே 36 ஆட்டம், அட்டவணையை எப்படிப் போட்டாலும். இடைவெளியோடு ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரே களத்தில் 36 மணி நேரம். ஒரே இரவில் முடிக்க மூன்று களமாவது வேண்டும். எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், 37-ஐ 36-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள்: 666 ஆட்டம். பாதியாக்குவது ஏனென்றால் அவர்களோடு நாம் ஆடுவதும் நம்மோடு அவர்கள் ஆடுவதும் ஒரே ஆட்டம்.

கோலத்திலும் இதே சுருக்கம் உண்டு. 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை என்றால் மொத்தம் எத்தனை? நடுவரிசை 15. அதற்கு ஒரு பக்கத்தில் 14 முதல் 8 வரை ஏழு வரிசை. அவற்றின் சராசரி 11, ஆகவே 77. இரு பக்கமும் சேர்த்து 154, நடுவரிசையோடு 169. மார்கழிக் காலையில் கோலம் போடும் பெண்கள் பலரிடம் இந்தக் கணக்கறிவு பெயர் வைக்கப்படாமலே இருக்கிறது. அவர்களைக் கணக்கு வராதவர்கள் என்று சொல்ல நான் என்றும் ஒப்புக்கொண்டதில்லை.

9. ஏடிஎம் ரகசிய எண்ணில் பெருக்கல் உங்களுக்குக் காவல் நிற்கிறது. அதை நீங்களே தளர்த்திவிடாதீர்கள். நான்கு இலக்கம், ஒவ்வொன்றுக்கும் பத்து வாய்ப்பு, ஆக 10,000. பிறந்த நாளும் மாதமும் வைத்தால் மொத்தமே 366. பிறந்த ஆண்டு என்றால் நூறுக்குள். பர்ஸ் தொலையும்போது ஏடிஎம் அட்டையோடு ஓட்டுநர் உரிமமும் சேர்ந்தே தொலைகிறது. அதில் பிறந்த தேதி அச்சிட்டிருக்கிறது.

10. யார் சொன்ன சூத்திரமானாலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். காரி நாயனார் எழுதிய 'கணக்கதிகாரம்' நம் பழைய கணக்கு நூல். பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை அறிய அதில் ஒரு வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 50 முள் என்றால் 60 சுளை. பண்ருட்டிப் பழம் கிடைக்கும் காலத்தில் முள்ளை எண்ணிக் குறித்துவிட்டு வெட்டிப் பாருங்கள். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் ஊகத்தை முதலில் எழுதி, பிறகு உண்மையோடு ஒப்பிடும் பழக்கம் வந்துவிடும். அதைவிடப் பெரிய பயிற்சி எனக்குத் தெரியாது.

தனியாக ஊகிக்கத் தயக்கமாக இருந்தால் நான்கு பேரைக் கேளுங்கள். ஆனால் தனித்தனியாகக் கேளுங்கள். 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கண்காட்சியில் ஒரு காளையின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. புள்ளியியல் அறிஞர் பிரான்சிஸ் கால்டன், போட்டியாளர்கள் ஊகத்தை எழுதிக் கொடுத்த சீட்டுகளில் 787-ஐ வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற ஊகம் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்காமல் எழுதியதால் வந்த பலன் இது. கடையில் மூத்தவர் முதலில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆகவே இளையவரை முதலில் சொல்லவிடுங்கள்.

11. குத்துமதிப்புக்கு இடமில்லாத இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரத்தில் எழுதும் நிலத்தின் அளவு, தங்கத்தின் எடை, மின்கம்பியின் கனம் ஆகியவற்றில் அளந்து பார்த்துத்தான் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகளின் மருந்து. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப், 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும் 250 மில்லிகிராம் உள்ளதாகவும் கடைகளில் கிடைக்கிறது. போன முறை கொடுத்த அதே அளவைத்தான் கொடுக்கிறோம் என்று நினைப்போம். பாட்டில் மாறியிருந்தால் உள்ளே போவது இரு மடங்கு. குழந்தையின் எடையை வைத்துத்தான் மருத்துவர் அளவு சொல்கிறார், ஆகவே எடையை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோடு வரும் மூடியால் அளந்து ஊற்றுங்கள். சீட்டில் உள்ள எண்ணும் பாட்டிலில் உள்ள எண்ணும் பொருந்தாதது போலத் தோன்றினால், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் மருந்துக்கடைக்காரரை நிறுத்திக் கேட்டுவிட்டு வாருங்கள்.